வீடில்லாதவருக்கும் டெண்டர்: இங்கிலாந்துக் கவுன்சில்கள் ஆதரவுச் சேவையை வாங்கும் விதம்

டெண்டர் என்றதும் நமக்கு ரோடு, பாலம், மழைநீர்க் கால்வாய் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் தெருவோரம் படுத்திருக்கும் ஒருவரிடம் போய்ப் பேசி, ஹாஸ்டலில் இடம் பிடித்துக் கொடுத்து, மாதக்கணக்கில் கூட நின்று, கடைசியில் ஒரு வாடகை வீட்டில் குடியேற்றுகிற வேலைக்கும் டெண்டர் உண்டு. இந்த வேலையில் பெரும்பகுதியைக் கவுன்சில் தன் ஊழியர்களை வைத்துச் செய்வதில்லை. தொண்டு நிறுவனங்களிடமும் வீட்டுவசதிச் சங்கங்களிடமும் ஒப்பந்தம் போட்டு வாங்குகிறது. இதற்கு அங்கே 'கமிஷனிங்' என்று பெயர். நம்மூரில் 'கமிஷன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அது இல்ல இது. என்ன தேவை என்று கணக்கெடுத்து, எவ்வளவு பணம் என்று முடிவு செய்து, யார் செய்வது என்று தேர்ந்தெடுத்து, செய்தார்களா என்று பார்ப்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் கமிஷனிங்.

கேட்க அலுவலக சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் ஒருவர் இன்றிரவு எங்கே படுப்பார், அவருக்கு யார் துணை என்பதை இந்தக் காகிதங்கள்தான் முடிவு செய்கின்றன. அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். இங்கே சொல்வது இங்கிலாந்தைப் பற்றி மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம்.

கட்டாயம் எது, விருப்பம் எது

முதலில் சட்டம். 1977ல் வந்த வீடற்றோர் சட்டம்தான் முதன்முறையாக உள்ளூர்க் கவுன்சில்களின் வீட்டுவசதித் துறை மேல் இந்தக் கடமையைச் சுமத்தியது. ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் கட்சி எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. அந்தக் கடமை இப்போது 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 7ஆம் பகுதியில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி வீடில்லாத எல்லோருக்கும் வீடு கிடையாது. 'முன்னுரிமைத் தேவை' உள்ளவர்களுக்குத்தான் முழுக் கடமை: கர்ப்பிணிகள், பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள், முதுமை, நோய், மனநலப் பிரச்சினை போன்ற காரணங்களால் பலவீனமான நிலையில் இருப்பவர்கள், இன்னும் சில வகையினர். ஆரோக்கியமாக இருக்கிற, 40 வயது, தனி ஆள் ஒருவர் போய் நின்றால் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஸ்காட்லாந்து 2012 முடிவோடு இந்த முன்னுரிமை வடிகட்டியையே எடுத்துவிட்டது. இங்கிலாந்து எடுக்கவில்லை.

2002ல் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் வீடின்மை எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்து, குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு செயல்திட்டம் வெளியிட வேண்டும் என்றது. அடுத்து 2017ல் வீடின்மைக் குறைப்புச் சட்டம். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 56 நாளுக்குள் வீட்டை இழக்கப்போகிறவர்களுக்கு அதைத் தடுக்க உதவ வேண்டும். ஏற்கனவே இழந்தவர்களுக்கு 56 நாள் வரை வேறு இடம் தேட உதவ வேண்டும். முன்னுரிமை இருக்கா இல்லையா என்று பார்க்காமல். ஆளுக்கு ஒரு தனிப்பட்ட வீட்டுத்திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்க. சட்டம் கட்டாயமாக்குவது ஆலோசனை, மதிப்பீடு, முன்னுரிமை உள்ளவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றைத்தான். தனி ஆட்களுக்கான ஹாஸ்டல், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவுப் பணியாளர், தெருவில் இரவு சுற்றும் குழு ஆகியவற்றை இந்த ஊரில் இத்தனை வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பட்ஜெட் இறுகும்போது கத்திரி எங்கே விழும் என்பதற்கு விடை இந்த ஒரு வித்தியாசத்திலேயே இருக்கிறது.

வாடகைக்கு ஒரு பாக்கெட், ஆதரவுக்கு ஒரு பாக்கெட்

ஒரு ஹாஸ்டலை நடத்தப் பணம் இரண்டு பாக்கெட்டிலிருந்து வருகிறது. அறை வாடகை, பராமரிப்பு, பொது இடங்களைச் சுத்தம் செய்வது போன்றவற்றுக்குத் தங்கியிருப்பவரின் ஹவுசிங் பெனிஃபிட் உதவித்தொகை. ஆதரவு வேலைக்கு, அதாவது குடியை நிறுத்த உதவுவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, கடன் பாக்கியைப் பேசித் தீர்ப்பது இதற்கெல்லாம், அந்த உதவித்தொகை பணம் தராது. அதற்குக் கவுன்சிலின் ஒப்பந்தம் வேண்டும்.

இந்த இரண்டாவது பாக்கெட்டுக்கு ஒரு காலத்தில் தனிப்பெயரே இருந்தது: 'சப்போர்ட்டிங் பீப்பிள்'. 2003 ஏப்ரலில் 180 கோடி பவுண்ட் நிதியோடு தொடங்கியது. வேறு எதற்கும் செலவு செய்யக்கூடாது என்று வேலி போட்ட பணம். 2009ல் அந்த வேலியை எடுத்தார்கள். 2011ல் அந்தத் தொகையைக் கவுன்சில்களின் பொது மானியத்தோடு கரைத்துவிட்டார்கள். உள்ளூருக்குச் சுதந்திரம் கொடுக்கிறோம் என்பது வாதம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் அந்தப் பொது மானியமும் வேகமாகக் குறைந்தது. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டக் கட்டாயம், இது விருப்பம். எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், இரண்டு அடுக்கு நிர்வாகம். லண்டன் பரோக்களிலும் மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களிலும் எல்லாம் ஒரே கவுன்சில் கையில். ஆனால் பல கிராமப்புறப் பகுதிகளில் மேலே கவுன்ட்டி கவுன்சில், கீழே மாவட்டக் கவுன்சில்கள். ஆதரவுச் சேவைக்கான பணம் கவுன்ட்டியிடம். வீடற்றவருக்கான சட்டக் கடமை மாவட்டத்திடம். கவுன்ட்டி ஆதரவு ஒப்பந்தத்தை நிறுத்தினால் அதற்குப் பணம் மிச்சம். ஹாஸ்டல் மூடி வெளியே வருகிறவர் போய் நிற்பது மாவட்டத்தின் வாசலில். கென்ட் கவுன்ட்டி தன் 'கென்ட் ஹோம்லெஸ் கனெக்ட்' சேவையை நிறுத்த முடிவெடுத்தபோது அங்குள்ள மாவட்டங்கள் எதிர்த்தது இதனால்தான். ஒருவர் மிச்சம் பிடிக்க, இன்னொருவர் செலவு செய்கிற ஏற்பாடு.

ஒரு சேவை எப்படி வாங்கப்படுகிறது

படிப்படியாகப் பார்த்தால் நடைமுறை இப்படி:

முதலில் தேவைக் கணக்கு. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஏன் வீடு போச்சு, தெருவில் எத்தனை பேர், சிறையிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் எத்தனை பேர் நேரே தெருவுக்கு வருகிறார்கள் என்ற தரவு. லண்டனில் இதற்கு 'செயின்' என்றொரு தரவுத்தளமே இருக்கிறது. களப்பணியாளர்கள் தெருவில் பார்க்கிற ஒவ்வொருவரையும் அதில் பதிகிறார்கள். 2024-25ல் அதில் பதிவானவர்கள் 13,231 பேர்.

அடுத்து, சேவைகளை நடத்தும் அமைப்புகளிடமும் அதைப் பயன்படுத்தியவர்களிடமும் கலந்து பேசுவது. நல்ல கவுன்சில்கள் ஹாஸ்டலில் இருந்தவர்களையே விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் குழுவிலும் உட்கார வைக்கின்றன. சில இடங்களில் இது வெறும் சடங்கு.

பிறகு தேவைக் குறிப்பு எழுதுவார்கள். எத்தனை படுக்கை, ஒரு பணியாளருக்கு எத்தனை பேர், இரவில் ஆள் விழித்திருக்க வேண்டுமா, நாய் வைத்திருப்பவரைச் சேர்க்கலாமா, குடித்துவிட்டு வந்தால் வெளியேற்றலாமா, எல்லாம் இதில். படிக்கச் சலிப்பான ஆவணம்தான். ஆனால் 'நாய்க்கு அனுமதி இல்லை' என்ற ஒரு வரி போதும்; தன் நாயை விட்டுப் பிரியமாட்டேன் என்கிற மனுஷன் தெருவிலேயே இருந்துவிடுவார்.

அதன்பின் டெண்டர். 2025 பிப்ரவரி 24 முதல் கொள்முதல் சட்டம் 2023 நடைமுறையில் இருக்கிறது. முன்பு 'பொருளாதார ரீதியில் மிகச் சாதகமான' விண்ணப்பத்தைத் தேர்ந்தெடு என்று விதி இருந்தது. புதிய சட்டம் 'பொருளாதார ரீதியில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மிகச் சாதகமான' என்று மட்டும் வைத்திருக்கிறது. இந்த மாதிரி சமூகச் சேவைகளுக்கு விதிகளில் கொஞ்சம் தளர்வும் உண்டு. 2012 முதலே சமூகப் பயன் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது: சேவை வாங்கும்போது அது அந்த வட்டாரத்துக்கு வேறு என்ன நன்மை செய்யும் என்றும் யோசிக்கணும். ஆக, மலிவானதைத்தான் வாங்கணும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'சட்டம் அப்படி, நாங்க என்ன செய்ய' என்ற பதில் அடிக்கடி கேட்கும்.

மதிப்பெண் கணக்கில் ஒளிந்திருக்கும் அரசியல்

கொள்கை எங்கே முடிவாகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் என் கற்பனை; கணக்கிடும் முறை பரவலாகப் பயன்படுவது.

ஒரு ஹாஸ்டலை நடத்த இரண்டு அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. முதல் அமைப்பு ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்ட் கேட்கிறது; தரத்தில் 100க்கு 84. இரண்டாவது 9 லட்சம் கேட்கிறது, தரத்தில் 78. விலைக்கான மதிப்பெண், மிகக்குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து வருவது. அதன்படி இரண்டாவதற்கு முழு மதிப்பெண், முதலாவதற்கு 90 விழுக்காடு.

தரத்துக்கு 60, விலைக்கு 40 என்று வைத்தால்: முதலாவது 50.4 + 36 = 86.4. இரண்டாவது 46.8 + 40 = 86.8. இரண்டாவது ஜெயிக்கிறது.

தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்தால்: முதலாவது 58.8 + 27 = 85.8. இரண்டாவது 54.6 + 30 = 84.6. முதலாவது ஜெயிக்கிறது.

விண்ணப்பம் அதே, விலை அதே, தரம் அதே. மாறியது, டெண்டர் வெளியாகும் முன்பே யாரோ ஒரு அலுவலகத்தில் முடிவு செய்த விகிதம் மட்டும். அந்த 1 லட்சம் பவுண்ட் வித்தியாசம் எங்கிருந்து வரும்? ஹாஸ்டல் செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். ஆக, இரவில் இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர், அனுபவசாலி இருந்த இடத்தில் புதுசாக ஒருவர்.

ஒப்பந்தம் கை மாறினால் பணியாளர்கள் என்ன ஆவார்கள்? 2006ஆம் ஆண்டு வேலை மாற்று விதிகள் அவர்களைக் காப்பாற்றுகின்றன. பொதுவாக அதே ஆட்கள், அதே சம்பள நிபந்தனைகளோடு புதிய அமைப்புக்குப் போவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் மாறும். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் டெண்டர் நடக்கும் மாதங்களில் வேலை இருக்குமா என்ற பயத்தில் பலர் வேறு இடம் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டுதான் என்றால் இந்தக் கலக்கம் திரும்பத் திரும்ப வரும். அரசுத் துறைகளிடம் பலமுறை ஏமாந்த ஒருவர் ஒரு பணியாளரை நம்ப ஆரம்பிக்கவே ஓராண்டு ஆகலாம். நம்பும் நேரத்தில் அந்த ஆள் இருக்கமாட்டார்.

எதை அளப்பது

ஒப்பந்தம் போட்டாச்சு, வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? பழைய முறை, எத்தனை படுக்கை நிரம்பியது, எத்தனை பேர் 'திட்டமிட்டபடி' வெளியேறினார்கள் என்று எண்ணுவது. இதில் ஒரு ஓட்டை. எளிதான ஆட்களாகப் பார்த்துச் சேர்த்தால் எண் அழகாக வரும். கஷ்டமான ஆள் வெளியே நிற்பார்.

இதைச் சரிசெய்ய லண்டன் 2012ல் ஒரு பரிசோதனை செய்தது. தெருவில் படுத்துப் பழகிப்போன 831 பேரைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, இவர்களைத்தான் பார்க்கணும் என்று செயின்ட் மங்கோஸ், தேம்ஸ் ரீச் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. பணம் விளைவுக்கு: தெருவில் இருப்போர் குறைந்தால், வீட்டில் நிலைத்தால், வேலை கிடைத்தால் என்று. பட்டியல் முன்பே முடிவானதால் ஆள் பொறுக்க முடியாது. நல்ல யோசனை. ஆனால் விளைவு வந்த பின்தான் பணம் என்றால் அதுவரை செலவுக்கு முதலீட்டாளர் வேண்டும். சின்ன உள்ளூர் அமைப்புகளுக்கு அது எட்டாத உயரம்.

இன்னொரு பாதை 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்'. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கியது. 'முதலில் திருந்து, பிறகு வீடு' என்பதைத் தலைகீழாக்கி, முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம். இங்கிலாந்து அரசு 2017 பட்ஜெட்டில் 2.8 கோடி பவுண்ட் ஒதுக்கி கிரேட்டர் மான்செஸ்டர், லிவர்பூல், வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மூன்றிலும் முயன்று பார்த்தது. இதில் ஒரு பணியாளருக்கு ஏழு பேருக்கு மேல் கூடாது, ஆதரவுக்குக் காலக்கெடுவும் கூடாது. இப்போ பாருங்க: காலக்கெடு இல்லாத ஆதரவை, காலக்கெடு உள்ள ஒப்பந்தத்தில் எப்படி வாங்குவது? அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

பிளைமவுத் வேறு மாதிரி யோசித்தது. ஹாஸ்டலுக்கு ஒன்று, போதை மறுவாழ்வுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக வாங்குவதை விட்டு, 2019ல் பல அமைப்புகள் கூட்டாகப் பொறுப்பேற்கும் ஒரே நீண்டகால ஒப்பந்தம் போட்டது. லாப நஷ்டம் பொது. முடிவு எல்லோரும் சேர்ந்து. கவுன்சிலும் அதே மேசையில். வாங்குபவர், விற்பவர் என்ற உறவே இங்கே மாறுகிறது.

வாங்காமல் விட்டால் என்ன ஆகும்

கமிஷனிங்கில் இத்தனை குறை சொன்னாலும், அது இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று தெரிய பர்மிங்காமைப் பார்க்கலாம். ஹவுசிங் பெனிஃபிட் விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. 'பராமரிப்பு, ஆதரவு அல்லது மேற்பார்வை' தருகிற சில வகைத் தங்குமிடங்களுக்கு வழக்கமான வாடகை உச்சவரம்பு கிடையாது. கவுன்சில் ஒப்பந்தமும் தேவையில்லை. பேருக்குக் கொஞ்சம் ஆதரவு காட்டினால் போதும். கவுன்சில்கள் வாங்கும் சேவைகள் சுருங்கச் சுருங்க, இந்த இடைவெளியில் ஒரு தனி வியாபாரமே வளர்ந்தது. சாதாரணக் குடும்ப வீடுகளை அறை அறையாகப் பிரித்து, சிறையிலிருந்து வந்தவர், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர், போதையிலிருந்து மீள்பவர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். 2022 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு இதை விசாரித்துக் கடுமையான அறிக்கை கொடுத்தது. 2023ல் ஒழுங்குபடுத்தச் சட்டமும் வந்தது. 2017 சட்டத்தைக் கொண்டுவந்த அதே பாப் பிளாக்மன்தான் இதையும் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்.

மறுபக்கம் தற்காலிகத் தங்குமிடம். 2025 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் சுமார் 1,31,000 குடும்பங்கள் அதில் இருந்தன. சுமார் 1,69,000 குழந்தைகள். 2023-24ல் மட்டும் கவுன்சில்கள் இதற்குச் செலவழித்தது ஏறக்குறைய 229 கோடி பவுண்ட். மத்திய அரசு திருப்பித் தரும் மானியமோ 2011 வாடகை அளவை வைத்துக் கணக்கிடப்படுவது. இன்றைய வாடகைக்கும் அதற்கும் உள்ள பள்ளத்தைக் கவுன்சில்தான் தன் கையிலிருந்து நிரப்புகிறது. இது சட்டக் கட்டாயம், தள்ளிப்போட முடியாது. அதனால் தடுப்பு வேலைக்கு இருக்கிற பணமும் இங்கேயே போய் விழுகிறது. தடுப்பு குறைந்தால் அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் பேர் வருவார்கள். அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஆனால் இன்று மாலை அறை கேட்டு நிற்கும் தாயிடம் தடுப்புத் திட்டம் பற்றிப் பேச முடியாதே.

ஒரு கவுன்சிலின் ஆவணத்தை எப்படிப் படிப்பது

இந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை பொதுவெளியில் கிடைக்கின்றன. டெண்டர் அறிவிப்புகளும் மத்திய தளத்தில் வெளியாகும். படிக்க உட்கார்ந்தால் நான் தேடுவது இவை:

ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? மூன்றுக்குக் கீழ் என்றால் எச்சரிக்கை.

தரத்துக்கும் விலைக்கும் என்ன விகிதம்? அதோடு, விலைக்கு ஒரு தரை வைத்திருக்கிறார்களா, இல்லை எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாமா?

ஒரு பணியாளருக்கு எத்தனை பேர்? எண் எழுதியிருக்கிறதா, 'போதுமான' என்று பூசி மெழுகியிருக்கிறதா?

விலைவாசி ஏற்றத்துக்கு ஆண்டுதோறும் தொகை கூடுமா? கூடாது என்றால் அது மறைமுகமான வெட்டு. மூன்றாம் ஆண்டு ஆள்குறைப்பாக வெளியே தெரியும்.

யாரை வெளியேற்றலாம், வெளியேற்றினால் அவர் எங்கே போவார்?

கடைசிக் கேள்விக்கு ஆவணத்தில் பதில் இல்லை என்றால், பதில் தெருதான். அந்தத் தெருவில் அவரைப் பார்த்துப் பேச, அதே கவுன்சில் வேறொரு டெண்டரில் இன்னொரு குழுவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்.